பழைய ஜெர்மானியப் போலீஸ் வாள்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

என் கைக்கு வந்த முதல் ஜெர்மானியப் போலீஸ் வாளை நானே கெடுத்துவிட்டேன். வளைந்த அலகு, கறுத்துப்போன பித்தளைக் கைக்காப்பு, அங்கங்கே துரு. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே உப்புத்தாளை எடுத்து ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தேன். புதிதுபோல் மின்னியது. ஒரு வாரம் கழித்து, விற்றவர் முன்பு அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கைக்காப்பின் ஓரத்தில் பொடி எழுத்துகள் இருந்ததைக் கண்டேன். வாளில் தேடினால் பாதி எழுத்துதான் மிச்சம். அது எந்த ஊர்ப் போலீஸ்காரரின் இடுப்பில் தொங்கியது என்று சொல்லக்கூடிய ஒரே சான்று அந்த எழுத்துகள்தான்.

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பழைய வாளின் நிலை என்பது பளபளப்பு அல்ல. தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த மேற்பரப்பும் முத்திரையும் பாகங்களும் இன்று எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்பதுதான் நிலை. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்த மிச்சத்தைக் கண்டுபிடிப்பதற்கும் காப்பாற்றுவதற்கும்தான்.

எந்தக் காலத்து வாள்?

ஜெர்மன் மொழியில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். வளைந்த வாள் 'ஸேபல்'. நேரான, ஒடுங்கிய வாள் 'டேகன்'. விற்பனைப் பட்டியலில் பெயரைப் பார்த்தவுடனே வடிவம் மனதில் வந்துவிடும்.

ஜெர்மானியப் போலீஸ் வாள்களை மூன்று காலமாகப் பிரித்துப் பார்ப்பது வசதி. 1918 வரையிலான பேரரசுக் காலம் முதலாவது. ஜெர்மனி அப்போது பல அரசுகளின் கூட்டு. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் போலீஸ். அதனால் 'ஜெர்மன் போலீஸ் வாள்' என்று ஒரே ஒரு வடிவம் கிடையாது. பெரும்பாலும் ராணுவ வாளை ஒத்த ஸேபல்கள்தான். கைக்காப்பிலோ பிடியிலோ சின்னம் இருந்தால் அது எந்த அரசு என்பதற்கு முதல் துப்பு: கழுகு என்றால் பிரஷ்யாவை நினையுங்கள், சிங்கம் தனியாக நின்றால் பவேரியாவை நினையுங்கள். இவை அலங்காரத்துக்கு மட்டும் தொங்கியவை அல்ல. 1910 செப்டம்பரில் பெர்லினின் மோவாபிட் பகுதியில் தொழிலாளர்கள் மீது போலீஸ் பாய்ந்தபோது ஸேபல்களைத்தான் உருவியது.

இரண்டாவது 1918-க்குப் பின் வந்த குடியரசுக் காலம். கூட்டத்தைக் கலைக்க ரப்பர் தடி வந்துவிட்டதால் நீண்ட வாளின் வேலை குறைந்தது. இக்காலத்தில் சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது, மான்கொம்புப் பிடியும், பிடியின் நுனியில் கழுகுத்தலைக் குமிழும், கிளிஞ்சல் வடிவக் காப்பும் கொண்ட இடுப்புக் கத்தியைத்தான். இது வாள் அல்ல என்றாலும், போலீஸ் ஆயுதம் சேர்க்கிற எல்லோரும் கடைசியில் இதனிடம் வந்து நிற்பார்கள்.

மூன்றாவது 1936-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜூன் 17 அன்று நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர் ஜெர்மனியின் முழுப் போலீஸுக்கும் தலைவரானார். அதே ஆண்டு வந்த புதிய டேகன் நேரான அலகும், ஆங்கில 'டி' எழுத்துப்போல வளைந்த கைக்காப்பும், கறுப்பு மரப்பிடியில் ஓக் இலை வளையத்துக்குள் கழுகும் கொண்டது. அதிகாரிகளின் பிடியில் வெள்ளிநிறக் கம்பி சுற்றியிருக்கும். கீழ்நிலையினரின் பிடியில் கம்பி கிடையாது. சந்தையில் அதிகம் கண்ணில் படுவதும் அதிகம் போலி செய்யப்படுவதும் இதுதான். அந்தக் கழுகின் காலில் ஸ்வஸ்திகா இருக்கும்.

வாங்கும் முன் இரண்டு விஷயம்

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் வாள் வாங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பொது இடத்தில் வாளை இடுப்பிலோ கையிலோ வைத்துக்கொண்டு நடக்க முடியாது, பூட்டிய பெட்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி குற்றம். ஆராய்ச்சி, வரலாற்றுக் கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பழம்பொருள் சந்தைகளில் கழுகின் காலில் காகிதத் துண்டு ஒட்டியிருப்பதன் காரணம் இதுதான். இந்தியாவில் இருப்பவர்கள் வெளிநாட்டு ஏலத்தில் கைதூக்கும் முன் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் பாருங்கள். வாளும் அதில் ஆயுதம்தான், இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். பணம் கட்டிய பிறகு சுங்கத்தில் போய் நிற்கக் கூடாது.

இன்னொன்று சட்டம் அல்ல, ஆனால் எனக்கு முக்கியம். 1936-க்குப் பிந்தைய போலீஸ், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியது மட்டும் அல்ல. ஹாம்பர்கிலிருந்து போன 101ஆம் ரிசர்வ் போலீஸ் படை 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யோசெபூவ் கிராமத்தில் ஏறத்தாழ 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றது. நடுத்தர வயதுக் குடும்பஸ்தர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். இந்தக் கால வாளை வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. அது ஒரு சான்றுப் பொருள். ஆனால் யாருடைய சீருடையின் பாகம் அது என்று தெரிந்து வாங்குங்கள். வரவேற்பறைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கான பொருள் அல்ல அது. நான் பேரரசுக் கால ஸேபல்களையே அதிகம் சேர்க்கிறேன். ஒரு காரணம் இது, இன்னொரு காரணம் அவற்றில் போலி குறைவு.

கண்ணைப் பழக்குவது

முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். இது கஞ்சத்தனமான யோசனைபோல் தோன்றும், ஆனால் இதைவிடப் பணத்தை மிச்சப்படுத்தும் வழி கிடையாது. ஜெர்மனிக்குப் போகிற வாய்ப்பு இருந்தால் ஸோலிங்கன் நகருக்குப் போங்கள். நாம் பேசுகிற வாள்களில் மிகப் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை. அந்நகரின் கிராஃப்ராத் பகுதியில் ஜெர்மானிய அலகு அருங்காட்சியகம் இருக்கிறது. வுப்பர் ஆற்றங்கரையில் பால்க்ஹவுசர் கோட்டன், விப்பர்கோட்டன் என்று பழைய சாணைப் பட்டறைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆற்றுநீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் சாணைக்கல்லைச் சுற்றும். ஒருவர் அடிப்பார், ஒருவர் பதம் போடுவார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் பிடி பொருத்துவார். அலகை நுணுக்கமாகத் தீட்டும் கடைசி வேலைக்கு 'ப்ளீஸ்டன்' என்று அந்த ஊருக்கே உரிய பெயர் உண்டு. அந்தத் தீட்டல் விட்ட மெல்லிய கோடுகள் அலகின் குறுக்கே ஓடும். அசல் மேற்பரப்பை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், பின்னாளில் இயந்திரத் துணிச்சக்கரத்தில் மெருகேற்றிய அலகு உங்களை ஏமாற்ற முடியாது. மெருகேற்றியது கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கும், விளிம்புகள் மழுங்கி உருண்டிருக்கும்.

கையில் எடுத்ததும் என்ன செய்வது?

எடுத்துச் செல்ல வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன டார்ச், ஒரு காந்தம், அளவு நாடா, பருத்திக் கையுறை. வியர்வை படிந்த விரல் ரேகை எஃகில் சில நாளிலேயே துருவாக எழும்பும். கையுறை போட்டுக்கொண்டு கேட்கிறவரை விற்பவரும் மரியாதையோடுதான் பார்ப்பார்.

வாளை உருவும் ஆசையை அடக்கிக்கொண்டு உறையிலிருந்து தொடங்குங்கள். எஃகு உறை என்றால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நீளவாக்கில் ஒளியை ஓடவிடுங்கள். நசுங்கல் இருந்தால் நிழல் விழும். கறுப்பு வண்ணம் பழையது என்றால் மெல்லிய வெடிப்புகளும், தொங்கவிடும் வளையம் உரசிய இடத்தில் தேய்மானமும் இருக்கும். எல்லா இடமும் ஒரே சீராக, நசுங்கலின் உள்பள்ளத்திலும் புத்தம்புதிதாக வண்ணம் இருந்தால் மறுபூச்சு. உறையின் வாய்ப்பகுதித் திருகுகளைப் பாருங்கள். திருகின் தலைப்பள்ளம் கிழிந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஏன் கழற்றினார்கள் என்பதுதான் அடுத்து உங்கள் மனதில் எழ வேண்டிய கேள்வி.

அப்புறம் கைப்பிடி. இங்கேதான் காந்தத்துக்கு வேலை. வெள்ளையாக மின்னும் பாகம் ஜெர்மன் சில்வரா, நிக்கல் முலாம் பூசிய இரும்பா? நம் வீடுகளில் தட்டும் டம்ளருமாகப் புழங்கும் அதே ஜெர்மன் சில்வர்தான், காந்தம் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பு என்றால் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் அசலாக இருக்கலாம். ஆனால் ஒரே வாளில் சமமாக இருக்க வேண்டிய இரண்டு பாகங்களில் ஒன்று ஒட்டி மற்றது ஒட்டாமல் போனால் பாகம் மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

பேரரசுக் கால ஸேபல்களில் நல்ல பிடிகள் திருக்கை மீன் தோல் போர்த்தி, மேலே கம்பி சுற்றியவை. திருக்கைத் தோலின் மணிமணியான சொரசொரப்பு, பிடித்த கை தேய்த்த இடத்தில் மழுங்கியும் கம்பியின் அடியில் கூர்மையாகவும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரேபோல இருந்தால் புதுத் தோல். கம்பி தளர்ந்து ஆடுவது பெரிய குறை அல்ல, மரம் உள்ளே சுருங்கியிருக்கும். கம்பி காணாமல் போனதுதான் குறை. மரப்பிடியில் நீளவாக்கில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

குமிழின் உச்சிக்கு வாருங்கள். பெரும்பாலான பழைய ஸேபல்களில் அலகின் வால் பிடிக்குள் முழுவதும் ஓடி, குமிழின் தலையில் வெளிவந்து, சுத்தியலால் தட்டி மடக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டிய முனை சுற்றியுள்ள உலோகத்தின் அதே நிறத்தில், அழுக்கேறி இருப்பது நல்ல அறிகுறி. புதிய சுத்தியல் தழும்போ, சுற்றிலும் கீறலோ இருந்தால் வாள் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் நவீன மரையாணி இருந்தால் நான் அங்கேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இப்போது உருவலாம். மெதுவாக, கூர்ப்பகுதி உறைவாயில் உரசாமல், முதுகைத் தாங்கி உருவுங்கள். உறைக்குள் முதலில் இறுக்கமும் பிறகு சரளமும் இருந்தால் பொருத்தம் சரி. பாதியில் சிக்கினால் உறை நசுங்கியிருக்கும், அல்லது அலகு வளைந்திருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல் முதுகின் நெடுக முனை வரை பாருங்கள். பக்கவாட்டு வளைவு உடனே தெரியும். பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு குமிழை உள்ளங்கையால் தட்டுங்கள். சலசலவென்று சத்தம் வந்தால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. பல சமயம் அலகுக்கும் கைக்காப்புக்கும் நடுவே இருந்த தோல் வளையம் சுருங்கியோ காணாமலோ போயிருக்கும். அதற்காக வாங்காமல் விட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

துருவைப் படிப்பது

புதியவர்கள் துருவைக் கண்டால் பயப்படுகிறார்கள், அல்லது கண்டுகொள்வதே இல்லை. துருவில் வகை உண்டு. கறுத்த அல்லது நீலம் கலந்த சாம்பல் நிறம், தொட்டால் வழவழப்பு, விரலில் ஒட்டாது: அது எஃகின் வயது. விட்டுவிடுங்கள். செங்கல் நிறம், பொடியாக உதிரும், கையுறையில் ஒட்டும்: அது உயிரோடு இருக்கும் துரு, இன்றைக்கும் தின்றுகொண்டிருக்கிறது, ஆனால் நிறுத்திவிடலாம். மூன்றாவது, துரு போன பிறகும் இருக்கும் அம்மைத் தழும்பு மாதிரியான குழிகள். அவற்றை யாராலும் மீட்க முடியாது. குழியை மறைக்கச் சுற்றியுள்ள உலோகத்தையே தேய்த்துத் தாழ்த்தியிருப்பார்கள். அலகில் அலையலையாகப் பிரதிபலிக்கும் வெளிச்சம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1936 டேகன்களின் அலகுக்கு நிக்கல் முலாம் உண்டு. முலாமின் ஓரத்தில் சிறு கீறல் வழியாக ஈரம் நுழைந்தால் அடியில் துரு கிளம்பி முலாம் கொப்புளித்து உரியும். இதற்கு வைத்தியம் கிடையாது. மறுமுலாம் பூசலாம், ஆனால் பூசிய அலகில் உற்பத்தியாளர் முத்திரையின் கோடுகள் மெழுகு பூசியதுபோல் மழுங்கி நிற்கும். உரிந்த அசல் முலாம் கொண்ட வாளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வெட்டும் விளிம்பையும் பாருங்கள். அணிவகுப்பு வாள்கள் பெரும்பாலும் கூர்தீட்டாமலே வந்தவை. சாணைத் தடம் இருந்தால் பின்னால் யாரோ வீட்டில் தீட்டியது என்று முதலில் நினையுங்கள்.

முத்திரைகள்

ஸோலிங்கன் நிறுவனங்கள் பலவும் தங்கள் பெயரோடு விளையாடும் சின்னங்களை வைத்திருந்தன. அதனால் நினைவில் வைப்பது எளிது. ஐக்ஹோர்ன் என்றால் அணில், ஏனென்றால் ஜெர்மன் மொழியில் அணிலின் பெயர் அந்த ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிரெப்ஸ் என்றால் நண்டினம், சின்னமும் அதுவே. ஹோலருக்கு வெப்பமானி. வையர்ஸ்பெர்க்கின் அரசன் தலையும் கிர்ஷ்பவுமின் வீரன் கவசத்தலையும் ஜோடியாக இருந்தால் 1883இல் அந்த இரண்டு நிறுவனங்களும் இணைந்த பிறகு செய்தது. பேரரசுக் கால அலகின் முதுகில் 'ஐசன்ஹவர்' என்று எழுதியிருந்தால் 'இரும்பை வெட்டுவது' என்று பொருள். அலகின் தரத்துக்கான விளம்பரச் சொல்.

தராசுச் சின்னத்தைப் பார்க்கும்போது நான் எப்போதும் சற்று நிற்கிறேன். ஏ.ஸி.எஸ்., அதாவது அலெக்சாண்டர் கோப்பல், ஸோலிங்கன். யூதக் குடும்பத்தின் நிறுவனம். 1936இல் அது அவர்களிடமிருந்து கைமாறியது. குடும்பத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கோப்பல் 1942இல் நாஜிகளின் டெரேசியன்ஷ்டட் முகாமில் இறந்தார். ஜெர்மானியச் சீருடைகளுக்குத் தலைமுறைகளாக அலகு செய்து கொடுத்த வீடு அது. ஒரு சின்னத் தராசை லென்ஸில் பார்க்கும்போது இவ்வளவும் கூடவே தெரிகிறது.

உற்பத்தியாளர் முத்திரையைவிட எனக்குப் பிரியமானது உடைமை முத்திரை. குடியரசுக் காலப் பிரஷ்யப் போலீஸ், கைக்காப்பிலும் உறையின் வாயிலும் புள்ளி வைத்த எழுத்துகளும் எண்ணும் அடித்தது. 'எஸ்' என்று தொடங்கினால் ஷூட்ஸ்போலிட்சை, அதாவது நகரப் போலீஸ். 'எல்' என்றால் லாண்ட்யேகர், கிராமப்புறப் போலீஸ். அடுத்த எழுத்து வட்டாரத்தைச் சொல்லும், எண் அந்த ஆயுதத்தைச் சொல்லும். உறையிலும் கைக்காப்பிலும் ஒரே எண் இருந்தால் இரண்டும் பிரியாமல் வந்திருக்கின்றன என்று பொருள், விலையும் அதற்கேற்ப ஏறும்.

லென்ஸ் வழியாக இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உளியால் அடித்த முத்திரையைச் சுற்றி உலோகம் லேசாக மேடெழுந்திருக்கும், எழுத்தின் அடிப்பகுதி கூராக இருக்கும். வார்ப்பில் வந்த போலியில் விளிம்பு உருண்டு, அடியில் ஊசித்துளைகள் தெரியும். துருக்குழியின் மேலே பளிச்சென்று முத்திரை விழுந்திருந்தால் அது துருவுக்குப் பின்னால் அடித்தது. முத்திரை பழையது என்றால் துரு அதையும் சேர்த்துத்தான் தின்றிருக்கும்.

மாற்றம் எல்லாம் போலி அல்ல

இதில் நிதானம் வேண்டும். குடியரசுக் கால மான்கொம்புக் கத்திகள் பலவற்றை 1930களில் அதிகாரிகளே திருப்பி அனுப்பி, அலகைக் குட்டையாக்கி, கிளிஞ்சல் காப்பை எடுத்துவிட்டு, பிடியில் புதுச் சின்னம் பொருத்தினார்கள். கிளிஞ்சல் இருந்த இடத்தின் தடம் தெரியும். அது வாழ்க்கையின் தழும்பு, குறை அல்ல. மாறாக, போருக்குப் பிறகு மிச்சப் பாகங்களை ஒன்றுசேர்த்து முழு வாளாக்கி விற்றது வேறு. பாகங்கள் எல்லாமே அசல், ஆனால் அந்த வாள் எந்தப் போலீஸ்காரர் கையிலும் இருந்ததில்லை. தேய்மானம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் வழி: உறை நிறையத் தேய்ந்து, பிடி புத்தம்புதிதாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது என்ற கதையை அமெரிக்க விற்பனையாளர்களிடம் அடிக்கடி கேட்பீர்கள். உண்மையாகவும் இருக்கலாம், சிப்பாய்கள் நினைவுப்பொருளாக நிறையவே எடுத்துப்போனார்கள். ஆனால் கதைக்குத் தனியாக விலை கொடுக்காதீர்கள். கடிதமோ பழைய படமோ இருந்தால் அது வேறு கணக்கு.

ஜெர்மானிய ஏலப் பட்டியல்களில் நிலையை எண்ணால் குறிப்பது வழக்கம். எண் சிறியதாக இருந்தால் நிலை நல்லது. அந்த எண் ஒருவரின் கருத்துதான். குமிழ் உச்சி, கைக்காப்பின் உள்பக்கம், அலகின் அடிப்பகுதி, உறையின் வாய் ஆகிய நான்கு படங்களைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பாதிப் பராமரிப்பு. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை நமக்கு. பித்தளைக் கைக்காப்பைப் பார்த்ததும் அரிக்கும். துலக்காதீர்கள். பழைய பொன்முலாம் கொஞ்சம் ஒட்டியிருந்தால் புளியோடு அதுவும் போய்விடும். பச்சைக் களிம்பு படிந்திருந்தால் மட்டும் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி எடுங்கள்.

உயிருள்ள செந்துருவுக்கு மெல்லிய இயந்திர எண்ணெய் தடவி ஒரு நாள் விடுங்கள். பிறகு செம்பு நாணயத்தின் விளிம்பால் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மையானது, துருவை எடுக்கும், அடியில் இருப்பதைக் கீறாது. முத்திரைக்கு அருகே அதுகூட வேண்டாம், எண்ணெய்த் துணி போதும். கடைசியில் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு நுண்படிக மெழுகு பூசுங்கள். சேகரிப்பவர்கள் 'ரெனைசான்ஸ் வாக்ஸ்' என்று கேட்டு வாங்குவது அதைத்தான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவானது.

தோல் உறை என்றால் வாளை அதற்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி அலகிடம் கொடுக்கும், தோலைப் பதப்படுத்திய பொருள்களும் சேர்ந்து அரிக்கும். உறையையும் வாளையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு வாளுக்கும் ஒரு சீட்டு எழுதிப் பருத்தி நூலால் கைக்காப்பில் கட்டுங்கள். பசை வேண்டாம். வாங்கிய நாள், இடம், விலை, நீளம், முத்திரைகள், அன்றைக்கு இருந்த குறைகள் எல்லாம் அதில் இருக்கட்டும். என் முதல் ஸேபலிலும் ஒரு சீட்டு தொங்குகிறது. முத்திரை என்ற இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'எஸ்', ஒரு புள்ளி, அடுத்த எழுத்தின் இடது கால்.